ஆப்பிள் காப்ளர்: மேலே பொன்னிறம், அடியில் களி. ஏன்?

கேள்வி. அக்டோபர் 8, 2022

நியூ ஜெர்சில இருக்கேன். ஆப்பிள் காப்ளர், அதான் பழத்து மேல மாவு வெச்சு ஓவன்ல சுடற இனிப்பு, மூணாவது தடவையா சொதப்பிருச்சு. ஹனிகிரிஸ்ப் ரக ஆப்பிள் ஏழு, தோல் சீவி நறுக்கி, சர்க்கரையும் பட்டைத்தூளும் பிரட்டி, மேல பிஸ்கட் மாவைப் பரப்பி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்ல 45 நிமிஷம் வெச்சேன். பார்க்க அவ்வளவு அழகு. ஸ்பூனை விட்டா மாவோட அடிப்பக்கம் களி மாதிரி வழவழன்னு இருக்கு, ஆப்பிள் நறுக் நறுக்குன்னு கடிபடுது. ரெசிபி தப்பா, ஓவன் தப்பா, நான் தப்பா?

பதில். அக்டோபர் 8, ராத்திரி 11 மணி

மூணும் இல்ல. பழம் ஜில்லுனு கிடக்கு, அதான்.

முதல்ல பழத்தை மட்டும் ஓவன்ல வெச்சுக் கொதிக்க விடு. கொதிக்கிற பழம் மேல மாவைப் போடு. மீதியை நாளைக்கு எழுதறேன், தூக்கம் வருது.

அக்டோபர் 9, காலை

சரி, விவரமா.

நான் மிச்சிகன்ல கிராண்ட் ரேப்பிட்ஸ் பக்கம் இருக்கேன், பதிமூணு வருஷமாச்சு. முதல் நாலு வருஷம் நான் பண்ணினதும் இதே களிதான். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்காம ஐஸ்கிரீமை மட்டும் வழிச்சுத் தின்னுட்டுப் போயிடுவார்.

நடக்கறது என்னன்னா, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த ஆப்பிள் ஒன்றரைக் கிலோ. அதுல பெரும்பங்கு தண்ணிதான். அது சூடாகவே அரை மணி நேரம் ஆகும். மேல இருக்கிற மாவுக்கு ஓவன் சூடு நேரா படுது, இருபது நிமிஷத்துல சிவக்குது. மாவோட அடிப்பக்கத்துக்கு அந்த சூடு எட்டறதே இல்ல. வெதுவெதுன்னு இருக்கிற சாறுல ஊறிக்கிட்டே கிடக்கு. நீ மேல்பக்க நிறத்தைப் பார்த்து வெளியே எடுத்துடறே. இட்லிச் சட்டில தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடி மாவை ஊத்தினா என்ன ஆகும்? அதேதான்.

பீச் காப்ளர் இந்த வம்பு பண்ணாது. பீச் சீக்கிரம் வெந்துடும். ஆப்பிள் நிதானமான ஆள், பிஸ்கட் அவசரக்காரன். ரெண்டு பேரையும் ஒண்ணா கிளப்பி விட்டா ஒண்ணா வந்து சேர மாட்டாங்க.

நான் செய்யற அளவு, 9க்கு 13 அங்குலத் தட்டுக்கு: தோல் சீவி நறுக்கின ஆப்பிள் 1.3 கிலோ, துண்டு அரை அங்குலத் தடிமன். சர்க்கரை 120 கிராம், அதுல பாதி நாட்டுச்சர்க்கரை மாதிரி இருக்கிற பிரவுன் சர்க்கரை. எலுமிச்சைச் சாறு ரெண்டு டேபிள்ஸ்பூன், சோள மாவு ரெண்டு டேபிள்ஸ்பூன், பட்டைத்தூள் ஒன்றரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. எல்லாத்தையும் பிரட்டித் தட்டுல கொட்டி, ஃபாயில் போட்டு மூடி, 400 டிகிரில 25 நிமிஷம். வெளியே எடுக்கும்போது ஓரத்துல குமிழ் விடணும். விடலைன்னா இன்னும் அஞ்சு நிமிஷம்.

அது உள்ளே இருக்கும்போதே மாவு: மைதா 240 கிராம், சர்க்கரை 50, பேக்கிங் பவுடர் ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், ஜில்லுனு இருக்கிற வெண்ணெய் 85 கிராம். வெண்ணெயை விரல் நுனியால மாவுக்குள்ள உதிர்க்கணும். புட்டு மாவு பிசிறுற கைப்பழக்கம் இருந்தா இது ஒண்ணுமே இல்ல. அப்புறம் பட்டர்மில்க் முக்கால் கப் ஊத்தி நாலு தடவை கிளறி விட்டுடு. பிசையாதே. சப்பாத்தி மாவு இல்ல இது.

ஃபாயிலை எடுத்துட்டு, கொதிக்கிற பழம் மேல மாவைக் கரண்டி கரண்டியா வை. திரும்ப 400ல 25 நிமிஷம், மூடாம. எடுத்தப்புறம் அரை மணி நேரம் யாரும் தொடக் கூடாது. ஆறினாத்தான் சாறு கெட்டியாகும்.

பிஸ்கட்னு சொல்றது நம்ம டீயில முக்கற பிஸ்கட் இல்லன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். படிக்கிற மத்தவங்களுக்காகச் சொல்றேன். இங்க கிரேவி ஊத்தித் தின்னுற, மெத்துன்னு பொரபொரன்னு இருக்குமே, அது.

அக்டோபர் 9, மத்தியானம்

ஐயையோ. மேல சோள மாவுன்னு எழுதிட்டேன். ஒரு தம்பி மஞ்சள் மக்காச்சோள மாவைப் போட்டுட்டு "அக்கா, மணல் மாதிரி நெறநெறங்குது"ன்னு படம் அனுப்பியிருக்கார். தப்பு என்னோடது. ஊர்ல கார்ன்ஃப்ளார்னு வாங்கறது வெள்ளை மாவுச்சத்து. அமெரிக்கால அதுக்குப் பேரு கார்ன்ஸ்டார்ச். இங்க கார்ன் ஃப்ளார்னு கேட்டு வாங்கினா சோளத்தையே அரைச்ச மாவு வரும். கார்ன்ஸ்டார்ச் போடுங்க. தம்பி, அதைத் தூக்கிப் போடாதீங்க, ஐஸ்கிரீம் மேல தூவித் தின்னுடலாம்.

அக்டோபர் 10

பட்டர்மில்க் இல்லைன்னா மோர் ஊத்தலாமான்னு மூணு பேர் கேட்டாச்சு. நம்ம நீர்மோர் ஊத்தினா மாவு தண்ணியா ஓடிடும். இங்க டப்பால வர்ற பட்டர்மில்க் கெட்டியா, புளிப்பா இருக்கும். புளிச்ச தயிர்ல கொஞ்சம் பாலோ தண்ணியோ விட்டு அடிச்சா சரியா இருக்கும். நான் பாதி நாள் அதைத்தான் ஊத்தறேன். வீட்டுல தயிர் இல்லாத நாள் உண்டா என்ன.

அக்டோபர் 15

எந்த ஆப்பிள்னு கேட்டாங்க. இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன், முன்னாடியே சொல்லிட்டேன்.

எங்க ஊருக்கு வடமேற்கே ஸ்பார்ட்டா பக்கம் ஒரு மேட்டு நிலம் இருக்கு. "ரிட்ஜ்"னு சொன்னாலே எல்லாருக்கும் புரியும். கண்ணுக்கு எட்டின மட்டும் ஆப்பிள் தோட்டம்தான். மிச்சிகன் ஏரி பக்கத்துல இருக்கறதால வசந்தத்துல காத்து சீக்கிரம் சூடாகாது, பூ தாமதமா விரியும், பனிக்குத் தப்பிக்கும். அதுதான் இந்த நிலத்தோட அதிர்ஷ்டம். நான் இங்க வந்தப்புறம் ஒரே ஒரு வருஷம் அது கைவிட்டுடுச்சு. 2012 மார்ச்சுல கோடை மாதிரி வெயில் அடிச்சு, பூவெல்லாம் அவசரப்பட்டு விரிஞ்சது. ஏப்ரல்ல அடுத்தடுத்து உறைபனி. மாநிலத்து ஆப்பிள்ல பத்துல ஒன்பது பங்கு போச்சு. அந்த அக்டோபர்ல நாங்க வழக்கமா பழம் பறிக்கப் போற தோட்டத்துல வாசல்லயே சங்கிலி. என் பையனுக்கு அப்ப நாலு வயசு. காருக்குள்ள உக்காந்து அழுதான். நான் அன்னைக்குக் கடையில வாஷிங்டன் மாநிலத்து ஆப்பிள் வாங்கிக் காப்ளர் பண்ணினேன். தோட்டக்காரங்க முகம் ஞாபகம் வந்துச்சு, ஏதோ துரோகம் பண்ற மாதிரி இருந்தது.

சரி, பழம். நீ வாங்கின ஹனிகிரிஸ்ப் மினசோட்டா பல்கலைக்கழகத்துல உருவாக்கி 1991ல வெளியே விட்டது. கடிச்சுத் தின்னத்தான் அதைப் பெத்தாங்க. அடுப்புல வெச்சாலும் உருவம் கலையாது, ஆனா சாறு ஊத்தும். உன் ஆப்பிள் நறுக் நறுக்குன்னு இருந்ததுக்கும் அதுல பாதி காரணம் இருக்கு. விலையும் ஜாஸ்தி. காப்ளருக்கு அதை வாங்கறது பட்டுப்புடவை கட்டிக்கிட்டுப் பாத்திரம் தேய்க்கற மாதிரி.

எனக்கு நார்தர்ன் ஸ்பை. அக்டோபர் கடைசி வரைக்கும் காத்திருக்கணும். பழைய ரகம், நியூயார்க் மாநிலத்துல 1800ஐ ஒட்டிப் பிறந்தது. புளிப்பும் இருக்கும், வெந்தப்புறம் வில்லை வில்லையா நிக்கவும் செய்யும். சாதாரணக் கடையில கிடைக்கறது கஷ்டம். கிடைக்கலைன்னா கிரானி ஸ்மித் பாதி, ஜோனகோல்டு பாதி. மெக்கின்டாஷ் வாசனைல ராணி, ஆனா சூடு பட்டதும் கரைஞ்சு கூழாயிடும். ஒரே ஒரு பழம் மட்டும் போடு, அது கரைஞ்சு மத்ததைச் சேர்த்துப் பிடிச்சுக்கும், குழம்புல தக்காளி மாதிரி. ரெட் டெலிஷஸ் வேண்டவே வேண்டாம், மாவா போயிடும்.

தோட்டத்துல "பெக்" பை ஒண்ணு வாங்கினா கிட்டத்தட்ட 10 பவுண்டு வரும். மூணு காப்ளருக்குத் தாங்கும். பசங்களைக் கூட்டிட்டுப் போனா ரெண்டுக்குத்தான்.

அக்டோபர் 16

"காப்ளர்னா செருப்புத் தைக்கிறவர்தானே அக்கா?"ன்னு கேட்ட புண்ணியவானுக்கு: எங்க வீட்டுலயும் இதே ஜோக்கைப் பத்து வருஷமா கேக்கறேன். கரண்டில வெச்ச மாவு வெந்தப்புறம் கல் பாவின தெரு மாதிரி மேடும் பள்ளமுமா இருக்கிறதால வந்த பேருன்னு இங்க சொல்லுவாங்க. நிச்சயமான சரித்திரம் இல்ல, பார்க்க அப்படித்தான் இருக்கும்.

ஓட்ஸும் வெண்ணெயும் உதிர்த்துத் தூவினா அது கிரிஸ்ப். ரொட்டித்தூளை அடுக்கடுக்கா போட்டா பிரவுன் பெட்டி. ஓவன் இல்லாம சட்டில மூடி வெச்சு மாவை ஆவில வேகவெச்சா ஸ்லம்ப், இல்லேன்னா கிரன்ட். வேகும்போது முனகுமாம், அதனால கிரன்ட். தோசைக்கும் ஊத்தப்பத்துக்கும் நடுவுல எத்தனை பேரு இருக்கு, அந்த மாதிரி சொந்தக்காரக் கூட்டம்.

டல்லாஸ் அண்ணா ஒருத்தர், "இதெல்லாம் காப்ளரே இல்ல, மாவைக் கரைச்சு ஊத்தறதுதான் காப்ளர்"ங்கறார். அண்ணா, அது சோம்பேறிங்க கண்டுபிடிச்ச கேக்.

அக்டோபர் 30

எச்சரிக்கை. நேத்து ராத்திரி, முழுக் காப்ளரும் தரையில.

கண்ணாடித் தட்டு. ஓவன்ல இருந்து எடுத்து கிரானைட் மேடை மேல வெச்சேன். அப்பதான் துடைச்ச மேடை, ஈரம் காயல. வெச்சு ரெண்டு விநாடி கூட ஆகல, டப்புன்னு துப்பாக்கி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். தட்டு நூறு சில்லா போச்சு. அம்மா அடிக்கடி சொல்ற "கொதிக்கிற பாத்திரத்தை ஈரத்துல வைக்காதே" எவர்சில்வருக்கு மட்டும்தான்னு இத்தனை நாள் நினைச்சிருந்தேன்.

யாருக்கும் காயம் இல்ல. என் பொண்ணு "அதோ அந்தப் பக்கம் கண்ணாடி இல்லையே, அதை எடுத்துத் தின்னலாமா?"ன்னு கேட்டா. கூடாது. தின்னவே கூடாது.

இனிமே எனக்கு உலோகத் தட்டுதான், இல்லேன்னா வார்ப்பிரும்புச் சட்டி. உலோகம் சீக்கிரம் சூடாகும், அதனால 400ல ஓரம் கருகாம பார்த்துக்கணும்.

நவம்பர் 12

நியூ ஜெர்சித் தங்கச்சி திரும்ப வந்தாச்சு. பழத்தைக் கொதிக்க வெச்சுப் போட்டாளாம். களி குறைஞ்சிருக்கு, போகல. ஆப்பிள் நல்லா வெந்திருக்கு. படத்தைப் பார்த்தேன். பார்த்ததும் என் முதல் பதிலை நானே திரும்பப் படிச்சேன். "மூணும் இல்ல"ன்னு என்ன ஒரு மிடுக்கு.

நான் பாதிதான் சொல்லியிருக்கேன். அவ மாவைச் சட்டி முழுக்க ஒரு ஓட்டை இல்லாம தடவியிருக்கா, சுவத்துக்கு சிமென்ட் பூசற மாதிரி. கீழ கொதிக்கிற சாறோட ஆவி எங்க போகும்? மாவுக்கு அடியிலயே சுத்திச் சுத்தி நனைக்கும். கரண்டி கரண்டியா வெச்சு நடுவுல விரல் அகலம் இடைவெளி விடணும். நான் எப்பவும் அப்படித்தான் வைக்கறேன், ஏன்னு யோசிச்சதே இல்ல, அதனால சொல்லவும் தோணல. கைப்பழக்கத்தை எழுத்துல கொண்டு வர்றது இதான் கஷ்டம். மாமியார்கிட்ட ரசம் கத்துக்கும்போது நான் பட்ட பாடு இப்ப அவளுக்கு.

ரெண்டாவது, சாறு. ஹனிகிரிஸ்ப்புக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் கார்ன்ஸ்டார்ச் போதல. மூணு போடு. அது கெட்டியாகணும்னா சாறு நிஜமா கொதி நிலைக்குப் பக்கத்துல, 200 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல போகணும். ஓரத்துல மட்டும் இல்ல, நடுவுலயும் குமிழ் வரணும்.

மூணாவது, நிறத்தை நம்பாதே. கறிக்குக் குத்திப் பார்க்கற தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல இருக்கிற பிஸ்கட்ல குத்து. 200 காட்டினா வெந்தாச்சு. இல்லேன்னா ஒரு பிஸ்கட்டை ஸ்பூனால தூக்கித் திருப்பிப் பாரு. ஒண்ணு அழகு கெட்டாப் பரவாயில்ல, அதைச் சமைச்சவ தின்னுக்கலாம்.

ஒரு வாசகர் எழுதியிருக்கார்: ஆப்பிளை முதல்ல இளஞ்சூட்டுல, 60 முதல் 70 டிகிரி செல்சியஸ்ல கொஞ்ச நேரம் வெச்சா, அதுக்குள்ள இருக்கிற பெக்டின்ங்கற பசைச்சத்து இறுகிக்கும், அப்புறம் எவ்வளவு கொதிச்சாலும் குழையாதுன்னு. உண்மைதான், ஆப்பிள் பை (pie) செய்யறவங்க இதைப் பண்றாங்க. ஃபாயில் மூடி வைக்கறப்ப அந்தச் சூட்டை ஆப்பிள் மெதுவா கடந்து போறதும் அதனால நல்லதுக்குத்தான் போல. எனக்குத் தெரியாமலே நான் அறிவாளியா இருந்திருக்கேன்.

நவம்பர் 13

அவ பேக்கிங் பவுடர் டப்பாவோட அடியைப் பார்த்தாளாம். 2019.

அதைச் சுடுதண்ணில ஒரு ஸ்பூன் போட்டுப் பாரு, பொங்கலைன்னா தூக்கிப் போடு. இதை நான் முதல் நாளே கேட்டிருக்கணும்.

நவம்பர் 26

டல்லாஸ் அண்ணாகிட்ட மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்.

தேங்க்ஸ்கிவிங் அன்னைக்குப் பக்கத்து வீட்டம்மா வந்தாங்க. எழுபத்தஞ்சு வயசு இருக்கும், பிறந்தது கென்டக்கி. கையில ஒரு கறுத்த இரும்புச் சட்டி. "என் அம்மாவோட காப்ளர்"னு மேசையில வெச்சாங்க. என் பிஸ்கட் காப்ளரும் பக்கத்துலயே இருந்தது. சாப்பாடு முடிஞ்சு பார்த்தா என்னோடதுல பாதி மிச்சம், அவங்க சட்டில சுரண்டக் கூட இல்ல. என் வீட்டுக்காரர் ரெண்டாவது தடவை அந்தச் சட்டிப் பக்கம் போனதை நான் கவனிச்சேன். பதிமூணு வருஷத்துல என்னோடதுக்கு ரெண்டாவது தடவை போனதே இல்ல மனுஷன்.

அடுத்த நாள் போய்க் கேட்டேன். அளவே பாட்டு மாதிரி இருக்கு: மைதா ஒரு கப், சர்க்கரை ஒரு கப், பால் ஒரு கப், பேக்கிங் பவுடர் ரெண்டு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெய் ஒரு ஸ்டிக், அதாவது 113 கிராம், சட்டில போட்டு ஓவன்லயே உருக விடணும். தோசை மாவை விடக் கொஞ்சம் நீர்த்த கரைசலை அந்த உருகின வெண்ணெய் மேல ஊத்தணும். அது மேல, சர்க்கரையும் பட்டையும் போட்டு வாணலில வதக்கின ஆப்பிளை சாறோட பரப்பணும். 350ல 50 நிமிஷம் முதல் ஒரு மணி நேரம். மாவு கீழ இருந்து பொங்கிப் பழத்தைத் தாண்டி மேல வரும். பழம் அடியில போயிடும். ஓரம் வெண்ணெய்ல பொரிஞ்சு, அதிரசத்தோட ஓரம் மாதிரி மொறுமொறுன்னு.

"கிளறாதே"ன்னு அவங்க மூணு தடவை சொன்னாங்க. நான் கிளறினேன். வெண்ணெய் தனியா மிதக்கறதைப் பார்த்துக் கை சும்மா இருக்கல. வந்தது ரவா கேசரிக்கும் கேக்குக்கும் நடுவுல ஏதோ. ரெண்டாவது தடவை கையைக் கட்டிக்கிட்டு நின்னேன், வந்துச்சு.

ஆக அண்ணா, "சோம்பேறிங்க"ன்னு எழுதினதை வாபஸ் வாங்கறேன். ஆனா உங்களோடது மட்டும்தான் காப்ளர்ங்கறதை ஒத்துக்க மாட்டேன்.

நவம்பர் 27

இந்தக் கரைசல் வகையில களிப் பிரச்சினை வராதான்னு தங்கச்சி கேக்கறா. வராது, அடியில கொஞ்சம் கொழகொழன்னு இருந்தா அதுக்குப் பேரே புட்டிங், யாரும் குறை சொல்ல மாட்டாங்க. இது ஏமாத்து வேலைதான். ஆனா ஆப்பிளை வதக்காமப் போட்டா இங்கயும் நறுக் நறுக்குதான். முதல் நாள் சொன்னதுல அந்த ஒண்ணு மட்டும் தப்பிச்சுது.

ஜூன் 18, 2023

மாமியார் வந்திருக்காங்க, பாளையங்கோட்டைல இருந்து. முட்டை சேர்க்க மாட்டாங்க. இங்க இருக்கிற இனிப்புல முக்கால்வாசி அவங்களுக்கு ஆகாது, காப்ளர்ல முட்டையே இல்லன்னதும் எனக்கு ஒரே உற்சாகம்.

ஜூன்ல ஏது புது ஆப்பிள். இப்ப கடையில இருக்கறது போன அக்டோபர்ல பறிச்சது. ஆக்சிஜனை 21 சதவீதத்துல இருந்து ரெண்டு மூணுக்கு இறக்கி, உறையற நிலைக்குப் பக்கத்துல பூட்டி வெச்சிருப்பாங்க. பழம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கும். கெட்டுப் போகல, ஆனா புளிப்பு குறைஞ்சிருக்கும். எலுமிச்சையை ஒரு ஸ்பூன் கூட்டிக்கணும்.

அத்தை கடையில நேரா ரெட் டெலிஷஸ்கிட்ட போய் நின்னாங்க. "இதுதான் ஆப்பிள். மத்தது எல்லாம் பேரிக்காய் மாதிரி இருக்கு." அவங்க காலத்துல வீட்டுக்கு ஆப்பிள் வந்தா யாருக்கோ காய்ச்சல்னு அர்த்தம். சிம்லா ஆப்பிள், ஒண்ணை நாலாக் கீறி ஆளுக்கு ஒரு துண்டு. நான் கதை சொன்னேன்: அந்தச் சிம்லா ஆப்பிளோட பூர்வீகமே இந்த ஊருதான் அத்தை, அயோவால ஒரு விவசாயி தோட்டத்துல தானா முளைச்ச மரம். பிலடெல்ஃபியாக்காரர் சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916ஐ ஒட்டி அந்த டெலிஷஸ் கன்றைக் கொண்டு போய் இமாசலத்துல கோட்கர்ல நட்டார். பின்னாடி அங்கேயே இந்துவாகி சத்யானந்த்னு பேரும் மாத்திக்கிட்டார். அத்தை கேட்டுட்டு, "அப்ப அது நம்ம ஊருக்கு வந்து நல்ல ஆப்பிள் ஆயிடுச்சு, இங்கேயே கிடந்தது வீணாப் போச்சு"ன்னாங்க.

வாங்கினோம். எனக்குத் தெரியும் மாவாப் போகும்னு, அக்டோபர்ல நானே இங்க எழுதியிருக்கேன். போச்சு. அத்தை ஒரு வாய் வெச்சு, "ஆப்பிள் போட்ட களி. நல்லாத்தான் இருக்கு"ன்னு ரெண்டு கிண்ணம் சாப்பிட்டாங்க. எட்டு மாசமா நாம இந்தக் களியை ஒழிக்கப் பாடுபடறோம்.

ஜூன் 20

பட்டை பத்திக் கேட்ட யாழ்ப்பாணத்துத் தோழிக்கு: நீங்க சொல்ற கறுவா, இலங்கைல விளையற மெல்லிசுச் சுருள், மென்மையான வாசனை. அமெரிக்கக் கடையில பட்டைத்தூள்னு விக்கறது பெரும்பாலும் தடிச்ச காசியா வகை, இந்தோனேசியால இருந்தோ வியட்நாம்ல இருந்தோ வர்றது. காரமா, மூக்கைத் துளைக்கும். காப்ளருக்கு இந்த ஊர்க்காரங்க எதிர்பார்க்கறது அந்தக் காரத்தைத்தான். நான் காசியா ஒரு டீஸ்பூன், அதோட ஏலக்காய் ரெண்டு இடிச்சுப் போடறேன். பக்கத்து வீட்டம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. "என்னமோ வித்தியாசமா இருக்கு"ன்னாங்க. நல்லா இருக்கா இல்லையான்னு சொல்லல.

அக்டோபர் 21, 2023

நியூ ஜெர்சில இருந்து படம் வந்திருக்கு. பிஸ்கட் வகை, இடைவெளி விட்டு வெச்சது. ஒண்ணைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் படம் எடுத்திருக்கா. உலர்ந்த, துளைத் துளையா இருக்கிற அடிப்பக்கம். காப்ளரோட அடியைப் படம் எடுத்துப் பெருமைப்படற கூட்டம் உலகத்துலயே நாம மட்டும்தான்.

மிச்சம் இருந்தா மைக்ரோவேவ்ல வைக்காதே, ரப்பராயிடும். 325ல கால் மணி நேரம் ஓவன்ல வெச்சா பழையபடி வரும்னு எழுத உக்காந்தேன். பார்த்தா, என் பொண்ணு நேத்தைய காப்ளரை ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து, சூடே பண்ணாம, மேல தயிரை ஊத்திக் காலைச் சாப்பாடா தின்னுக்கிட்டு இருக்கா. ஒரு வாய் கேட்டேன். தரல.